அவளுக்கு மட்டும் பேப்பர் கப்

எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. அவளுக்கு மட்டும் பேப்பர் கப்.

டீக்காரர் அதை எட்ட நின்றே மேஜை ஓரத்தில் வைத்து, அவள் பக்கம் தள்ளிவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

டிபி, எச்ஐவி தடுப்புத் திட்ட ஆபீஸில் நடந்த குழுக் கூட்டம் அது. நோய் வந்து குணமானவர் ஒருவராவது குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்று புதிதாக ஏற்பாடு. அவளுக்கு டிபி மாத்திரை கொடுத்த நர்ஸம்மா, அவளுடைய தையல் கடைக்கே வந்து கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் தண்டோரா போடப் போறியா? நாளைக்கு எவ உங்கிட்ட துணி தைக்கக் குடுப்பா?" என்று காலையில் கணவன் கேட்டிருந்தான்.

எல்லார் முன்னாலும் அவரவர் பதவி எழுதிய அட்டை. அவள் முன்னால் இருந்ததில் 'பாதிக்கப்பட்டவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யாரும் பார்க்காத நேரமாக அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து என்ன பிரயோஜனம்? அதான் பேப்பர் கப் நிமிர்ந்து நின்று சொல்கிறதே!

"நோய் இருந்தும் வெளியே சொல்லாம எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களை எங்கே போய்த் தேடறது? அதான் இன்னைக்குக் கேள்வி." தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்கதாம்மா சொல்லணும். மனசுல பட்டதைத் தைரியமாச் சொல்லுங்க."

"கொஞ்சம் வெளியே போயிட்டு வந்து சொல்றேங்க."

சொல்லத்தான் போகிறாள். அதற்கு முன்னால் அந்த ஆளை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்க வேண்டும். கப்பை எடுத்துக்கொண்டு டீ போடும் அறைக்குப் போனாள்.

"ஏன் அண்ணே, எனக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லம்மா... டம்ளர் பத்தலை."

அவருக்குப் பின்னால் அலமாரியில் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

"பொய் சொல்லாதீங்க. எனக்கு வந்தது போயிடுச்சு, டாக்டரே சொல்லிட்டார். இப்ப உள்ளே போய் எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லத்தான் போறேன். அப்புறம் உங்க வேலை என்ன ஆகுமோ, எனக்குத் தெரியாது!"

"ஐயோ, வேண்டாம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட வந்தவரை இருமல் மடக்கிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, துண்டுக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். நிற்கிற வழியாக இல்லை.

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இருமலை அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவளும் தலையணையில் முகம் புதைத்து அப்படித்தான் இருமியிருக்கிறாள். அவர் சட்டை தொளதொளவென்று தொங்குவதை இப்போதுதான் கவனித்தாள். சட்டை என்னவோ அவர் அளவுக்குத் தைத்ததுதான். அவர்தான் அளவு குறைந்திருந்தார்.

"எத்தனை நாளா அண்ணே?"

"ரொம்ப நாளாம்மா. சாயங்காலமானா காய்ச்சல் வேற." குரலைத் தாழ்த்தினார். "டம்ளரெல்லாம் கழுவறது நான்தானே. உள்ளே இருக்கறவங்க தெம்பானவங்க, தாங்கிடுவாங்க. நீங்க ஒரு தடவை விழுந்து எழுந்தவங்க. என்னால உங்களுக்கு மறுபடியும் வந்துடக் கூடாதேன்னுதான்..."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு டம்ளரை எடுத்து, கப்பில் இருந்த டீயை அதில் ஊற்றி மடமடவென்று குடித்தாள்.

"டம்ளர்ல ஒட்டாது அண்ணே. இருமுற காத்துலதான் பரவும்." ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, பையிலிருந்த முகக்கவசத்தை அவரிடம் கொடுத்தாள். "டெஸ்ட் எடுத்துடலாம். நானே கூட வரேன்."

"'பயம் வேண்டாம், பரிசோதனை செய்வீர்'னு வாசல்ல இருக்குற போஸ்டரை ஒட்டினதே நான்தாம்மா. ஆனா பயமாத்தான் இருக்கு. டீ போடறவனுக்கு டிபின்னா வேலையில வச்சிருப்பாங்களா?"

"வேலை போகாதுன்னு கையெழுத்து வாங்கித் தந்தா, நான் சொல்லிடலாமா?"

அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "வாங்கிட்டா... சொல்லிடுங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கவிழ்ந்து கிடந்த அட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னம்மா, ஏதோ சொல்றேன்னீங்களே?"

"நோய் இருக்குமோன்னு சந்தேகப்பட்டுச் சொல்றவங்களை வேலையை விட்டுத் தூக்க மாட்டோம், குணமாகற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுப்போம்னு தீர்மானம் போடுங்க. முதல்ல நம்ம ஆபீஸ்ல."

"நம்ம ஆபீஸ்லயா?" தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கே யாருக்கும்மா இருக்கப் போவுது? சரி, ஆசைப்பட்டுக் கேட்டுட்டீங்க. இல்லாத ஆளுக்குத்தானே, போட்டா என்ன குறைஞ்சுடும்?"

எல்லாரும் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஆளின் கையெழுத்து விழும்வரை அவள் அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல காரியம் முடிஞ்சது. இன்னொரு ரவுண்டு டீ குடிக்கலாமே! எங்கேப்பா, நம்ம டீக்காரரைக் கூப்பிடுங்க" என்றார் தலைவர்.

"அவர் இன்னையிலருந்து லீவுங்க" என்றாள் அவள். "சம்பளத்தோட."