நேரில் கட்டியது

தையல்காரி நான்காவது முறையாக அந்தக் கடன் அலுவலகத்தின் படியேறினாள். வெல்டராக இருந்த அவள் கணவர் இறந்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து தவணை வரவில்லை, பட்டறையைப் பூட்டி எடுத்துக்கொள்வோம் என்று நோட்டீஸ் வந்திருந்தது.

“கணக்கு விவரம் குடுங்க. கடன் வாங்கினவங்க கேட்டா குடுத்துத்தான் ஆகணும். வாங்காம நகர மாட்டேன்.”

“வேற வேலையே இல்லையாம்மா உங்களுக்கு?” என்று முணுமுணுத்தபடி எழுத்தர் அச்செடுத்து நீட்டினார்.

ஏழு தவணையும் கட்டியாகியிருந்தது. மாதந்தோறும் ஐந்தாம் தேதி, ரொக்கம், நேரில். ஒவ்வொன்றிலும் மூன்று ரூபாய் கூடுதல். மீதிச் சில்லறைக்காகக் கவுண்டரில் நிற்கப் பிடிக்காதவர் அவள் கணவர். கடைசி வரியில் இன்றைய தேதியும், பதினொன்று இருபது என்ற நேரமும் இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் மணி இன்னும் பதினொன்றேகால்தான்.

எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேடினார். “தப்பா ஏறியிருக்கு. குடுங்க, அடிச்சுட்டுத் தரேன்.”

“ஒரு வரி மேல கை வெச்சுப் பாருங்க. கட்டினவரையே இல்லேன்னு சொல்லுவீங்களா?”

அவள் கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“இங்கெல்லாம் உட்காரக் கூடாதும்மா.”

“அஞ்சே நிமிஷம். ரசீதை அவர் கையில குடுங்க, நாங்க போயிடறோம்.”

பக்கத்து இடத்தில் வேறு யாரும் உட்காராதபடி கைப்பையை வைத்தாள்.