சத்தமில்லாத வண்டி

"கேட்டைப் பூட்டுய்யா. அந்தத் தகர டப்பா வெளியே போகக்கூடாது" என்றார் செயலாளர்.

காவலாளி சாவியைத் தேடுவதற்குள் வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் பேக்கரிக்காரரின் வெள்ளைக் கார் உறுமத் தொடங்கிவிட்டது. மாடி ஜன்னல்கள் கடகடத்தன. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது.

செயலாளர் பனியனோடு கேட்டருகே நின்றார். சட்டை போட்டால்தான் மரியாதை கிடைக்கும் என்கிற நிலையெல்லாம், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதோடு தாண்டியாகிவிட்டது. கையில் பாதி தின்ற ரொட்டித் துண்டு. அதுவும் பேக்கரிக்காரர் சும்மா கொடுத்ததுதான்.

பேக்கரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பின் இருக்கை முழுக்க ரொட்டித் தட்டுகள்.

"சார், சைலன்சரக் கழட்டியிருக்கு. புதுசுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கோ நாளன்னைக்கோ வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நான் ஊர்லேருந்து திரும்பி வந்த அன்னிக்கே ஆரம்பிச்சது இந்த இழவுச் சத்தம். அன்னிக்கும் இதையேதான் சொன்னே."

"கடை திறக்கறதுக்குள்ள ரொட்டி போகலன்னா வேற ஆள்கிட்ட வாங்கிடுவாங்க சார். என் பொழப்பே போயிடும்."

"போகட்டும். உன் ரொட்டியத் தின்னு பல்லு உடைஞ்சவங்க பொழைச்சுப்பாங்க" என்றவர், கையிலிருந்த மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

காவலாளி சிரித்தார். சிரிக்காவிட்டால் அடுத்தது தன் முறை என்று அவருக்குத் தெரியும்.

செயலாளர் பக்கத்து இடத்தில் நின்ற தன் காரைக் காட்டினார். "இதையும் பாரு, உன்னோடதையும் பாரு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷம். என் வண்டி வந்து நின்னா என் பொண்டாட்டிக்கே தெரியாது. ஏன்? வச்சிருக்கற ஆளு அப்படி."

சொல்லிக்கொண்டே தன் காரின் பின்பக்கத்தைத் தடவியவர், சட்டென்று குனிந்தார். புகைக்குழாயின் முனையில் மஞ்சள் பெயிண்ட் தீற்றியிருந்தது. அவர் இடத்துச் சுவர் வெள்ளை. மஞ்சள் அடித்த தூண் பேக்கரிக்காரரின் இடத்தில்தான் இருந்தது.

"ஏன்யா, வண்டியத் துடைக்கச் சொன்னா அந்தத் தூண்ல கொண்டுபோய் உரசி வச்சிருக்கியா?" என்று காவலாளி மேல் பாய்ந்தார்.

"நான் உங்க சாவியத் தொட்டதே இல்லீங்க சார்."

"வாய மூடு. உனக்கு அப்புறம் இருக்கு."

மாடி வராந்தாவிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "விடுங்களேன். ரெண்டு நாள்தானே. அவர் போகட்டும்."

"நீ உள்ள போ. வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்?" மற்ற வராந்தாக்களில் தலைகள் தெரிந்ததும் அவர் குரலை உயர்த்தினார். "லைசென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்கா. சாமிப் படம் மாதிரி பார்த்துக்க வேண்டியதுதான். கடையில தள்ளுவண்டியக் குடுத்தாலே நேரா தள்ளத் தெரியாது. இவகிட்ட ஸ்டியரிங்கக் குடுக்க நான் என்ன பைத்தியமா?"

யாரோ சிரித்தார்கள். மனைவி பேக்கரிக்காரரைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா. நான் பேசிக்கறேன்" என்றார் அவர், அண்ணாந்து.

"என்கிட்ட பேச என்ன இருக்கு?" செயலாளர் குறுக்கே வந்து நின்றார். "சைலன்சர மாட்டு, கேட்டைத் திறக்கறேன். மாட்டலன்னா இந்த இடத்தைக் காலி பண்ணு, வேற ஆளுக்குக் குடுத்துடறேன். நடுவுல ஒண்ணும் கிடையாது."

"இப்பவே மாட்டணுமா சார்?"

"இப்பவே. என் கண்ணு முன்னாடி."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"எனக்கே யோசனை சொல்றியா? நீ மாவு பிசையறதோட நிறுத்திக்க. மாட்டுய்யா."

பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் ரொட்டித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாடியைப் பார்த்தார். அங்கே இப்போது யாரும் இல்லை. பெருமூச்சு விட்டு, டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தார்.

"பார்த்தீங்களா? கேட்டா இல்லேம்பாங்க. கழுத்தைப் பிடிச்சா எல்லாம் வரும்" என்று செயலாளர் வராந்தாக்களைப் பார்த்துச் சொன்னார். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வசதியாகச் சுவரில் சாய்ந்தார்.

பேக்கரிக்காரர் தரையில் ஒரு சாக்கை விரித்தார். ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போய் வைத்தார், செயலாளரின் காருக்கு அடியில்.

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? அது என் வண்டி."

கார் மெல்லப் பின்பக்கம் எழும்பியது. பேக்கரிக்காரர் மல்லாந்து உள்ளே நுழைந்தார். ஸ்பேனர் கிறீச்சிட்டது. கழன்ற நட்டு ஒன்று உருண்டு வந்து செயலாளரின் செருப்பில் முட்டி நின்றது.

காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவது என்று அவர் பாய்ந்தார். குறுக்கே ஒரு கை வந்து தடுத்தது. எப்போது இறங்கி வந்தாளோ, மனைவி அங்கே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கையிலிருந்த டார்ச்சால் வண்டிக்கு அடியில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என் வண்டியிலேருந்து இவன் என்னத்தடி கழட்டறான்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டார்ச்சும் ஆடவில்லை.

"அவரோட சைலன்சரத்தான். நம்மளோடத நீங்க ஊர்ல இல்லாதப்ப நான் உடைச்சுட்டேன்."