நூறு கஜம்

சண்டை ஓயாத ஒரு நாட்டில், எல்லையோரத்து மைதானத்தில் ஒரு கிழட்டுப் போர் விமானம் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை, உடம்பெல்லாம் துணி. எதிரி விமானங்களோ தகடு போர்த்தியவை, இரண்டு மடங்கு வேகம். ஆனாலும் கிழடு தினமும் திரும்பி வந்துவிடும். துப்பாக்கிக் குண்டு துணியில் ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கமாய்ப் போய்விடும், அவ்வளவுதான்.

வந்ததும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடுவார்கள். மறுநாள் அதையே மறுபடி அனுப்புவார்கள்.

"புது விமானம் கேட்டு எழுதியாச்சு. வந்ததும் உனக்கு ஓய்வுதான்" என்று விமானி சவரிமுத்து தட்டிக் கொடுப்பான். அதைக் கேட்டுக் கேட்டே மூன்று மழைக்காலம் போய்விட்டது.

ஒரு சாயங்காலம், கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை கத்தியது. "அண்ணே, லாரி வருது! பெரிய பெட்டி!"

"வந்துட்டானா!" என்றது விமானம். "பாகம் பாகமா அனுப்பியிருப்பாங்க தம்பி. பூட்டினா சரியாப் போச்சு."

சவரிமுத்து பெட்டியைத் திறந்தான். உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரித்தபடியே வந்து கீழ் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தம்பி இருக்கு?"

துணிப்பை தயங்கியது. "ஒட்டுப் போடற துணிண்ணே. நூறு கஜம்."



"பாவிங்க," என்றது விமானம், "என்மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருக்காங்க!"