ஒன்பதாவது குறை

"எல்லாத்தையும் சரி பண்ற மனுஷனுக்கு இந்த ஒன்பதாவது மட்டும் ஏன் பிடிபடவே மாட்டேங்குது?" என்றாள் எதிர் மேசைக்காரி.

"அது கஷ்டமான குறைடி." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினோரு வருஷமாவா?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பதில் சொல்வதிலிருந்து அவள் தப்பித்தாள். புரோகிராமர் லிஃப்டில் வர மாட்டார். இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு நடந்தே ஏறுவார்.

விண்வெளியில் சுற்றிய காமா கதிர்த் தொலைநோக்கியைப் போன மாதம் அணைத்துவிட்டார்கள். அது அனுப்பிய எண்களைப் படமாக்கும் மென்பொருள் அவருடையது. அந்த மென்பொருளால் எதெல்லாம் முடியாது என்று எழுதுவது அவள் வேலை. 'தெரிந்த குறைகள்' என்ற அந்தப் பட்டியல் ஒவ்வொரு வெளியீட்டோடும் உலகமெங்கும் போகும். இன்று கடைசி வெளியீடு. நான்கு மணிக்கு அவருக்கு வண்டி. வேறு நாடு, வேறு தொலைநோக்கி.

"என்ன, குறையம்மா, கடைசியா ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் வாசலில் நின்று.

"உக்காருங்க."

அந்த நாற்காலியைக் காலையிலேயே துடைத்து வைத்திருந்தாள்.

ஒன்பதாவது குறை இதுதான்: தொலைநோக்கியின் நாற்பது பதிவுகளுக்கு மேல் ஒன்றாகக் கொடுத்தால் மென்பொருள் நின்றுவிடும், நாற்பது நாற்பதாகப் பிரித்துக் கொடுக்கவும். நாற்பத்தொன்றாவது பதிவை எட்ட இரண்டு மணி நேரம் ஆகும். வருடத்துக்கு இரண்டு வெளியீடு, நான்கு மணி நேரம். அவளுடைய வருடம் அவ்வளவுதான்.

"அங்க ரொம்பக் குளிராமே?"

"ஆமாங்க. ஸ்வெட்டர் வாங்கணும்."

"இன்னும் வாங்கலையா?"

"கடைக்குக் கூட வர ஆள் வேணுமே."

எதிர் மேசைக்காரி இருமினாள். "எனக்குத் தண்ணி தாகம்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்றில் நின்றது.

"நின்னுடுச்சு." அவர் மூச்சை விட்டார். "பட்டியல்ல அப்படியே இருக்கட்டும்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். அவள் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"ஸ்வெட்டரை மறந்துடாதீங்க."

"சரிங்க" என்றார். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

சொல்ல நினைத்தது வேறு. ஒன்பதாவது குறை பொய்.

பதினோரு வருடங்களுக்கு முன் அவள் கணினியில் மென்பொருள் நாற்பத்தொன்றில் நின்றது உண்மை. புதிதாகச் சேர்ந்திருந்த அவர் ஏறி வந்து, இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிடிபடவில்லை. அன்றைக்கே அதை ஒன்பதாவதாகப் பட்டியலில் ஏற்றினாள். மறுநாள் காலையில்தான் தெரிந்தது, அவள் போட்டிருந்தது பழைய அளவீட்டுக் கோப்பு. அதில் நாற்பது பதிவுகளுக்குத்தான் அளவுகள் இருந்தன. தப்பு அவளுடையது, மென்பொருள்மீது ஒரு குற்றமும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எதற்கு மறுபடி மாடியேறப் போகிறார்?

அதன்பின் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தப் பழைய கோப்பையே போட்டாள். அவள் பேச்சை நம்பி உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் பதினோரு வருடமாக நாற்பது நாற்பதாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசிப் பட்டியலிலாவது பொய் இருக்கக் கூடாது. ஒன்பதை அடித்துவிட்டு, கீழே போய் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அதற்குமுன், சரியான கோப்போடு அது நாற்பதைத் தாண்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மணி ஒன்றே முக்கால். நேரம் இருந்தது. பழைய கோப்பை அழித்தாள். சரியானதைப் போட்டு ஓடவிட்டாள்.

மூன்றரைக்கு எதிர் மேசைக்காரி வந்தாள். "கீழ எல்லாரும் வழியனுப்ப நிக்கிறாங்க. அவரு படிக்கட்டையே பாத்துட்டு நிக்கிறாரு. நீ வரலை?"

"இது முடியட்டும்."

"கல்லுளிமங்கனுக்கு ஏத்த கல்லுளிமங்கிதான் நீ" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

முப்பத்தொன்பது. நாற்பது. அவள் எழுந்து நின்றாள்.

நாற்பத்தொன்றில் நின்றது.

கோப்பைச் சரிபார்த்தாள். புதியதுதான். எந்த வரியில் நின்றது என்று திரை காட்டியது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, அவரைத் தவிர யாரும் தொடாத அந்த நிரலைத் திறந்தாள். கீழே வண்டி ஒரு முறை ஹார்ன் அடித்தது.

'நாற்பதைத் தாண்டினால் நிறுத்து' என்று ஒரே ஒரு கட்டளை. சேர்த்தவர் அவர். தேதி, அவள் பட்டியலில் ஒன்பதாவதை ஏற்றியதற்கு மறுநாள். கட்டளைக்கு மேலே அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்:

'இதை யாரும் நீக்க வேண்டாம். நீக்கினால் எனக்கு நான்காம் மாடியில் வேலை இருக்காது.'