மேசைக்கு அடியில் சார்ஜர்

கடைக்குப் புதிதாக வந்த பதினேழு அங்குல மடிக்கணினி தன் சார்ஜரிடம் எரிந்து விழுந்தது.

"செங்கல் மாதிரி இருக்கே. உன்னைப் பார்த்தா என்னை யார் வாங்குவா? மேசைக்கு அடியில போ."

சார்ஜர் கழன்று போய்விட்டது.

மாலையில் பிலோமினா டீச்சர் மகளோடு வந்தார். மகள் அந்த அகலத் திரையில் கார்ப் பந்தயம் ஆடிப் பார்த்து, "அம்மா, இதுதான் வேணும்!" என்று துள்ளினாள். டீச்சர் பில் போடச் சொல்ல வாயெடுத்தார். திரை இருண்டது.

"அரை மணி நேரம்கூடத் தாங்கலையேடி," என்று டீச்சர் மகளைப் பக்கத்து மேசைக்கு இழுத்துப் போனார்.

சார்ஜர் மெல்ல மேலே ஏறி வந்து ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, அவங்க இன்னும் கடையிலதான் இருக்காங்க. கூப்பிடுங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லிடுங்க."

மடிக்கணினிக்கு உயிர் வந்துவிட்டது. ஆனாலும், இந்தச் செங்கல்லோடு தன்னைப் பார்த்துவிடுவார்களே என்று அது திரையை ஒளிர விடவில்லை.