வாசல் மரத்துப் பழம்

காப்பியைக் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அபூ ஸாயெல்.

அது முறைதான். பெண் கேட்டு, பெண்ணின் தகப்பன் சம்மதம் சொன்ன பிறகே குடிக்க வேண்டும்.

ஆனால் அவர் பெண் கேட்கவில்லை. அங்கியின் பையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். வரும்போது வாசல் மரத்தில் பறித்தது.

"தப்பா நினைக்காதே தம்பி. இதுக்கு எந்தத் தண்ணி பாயுது?"

"ஆத்துத் தண்ணிதான்" என்றார் பெண்ணின் தகப்பன் ஃபவ்வாஸ்.

"ஆத்துல ஏது தண்ணி? அம்மான் பட்டணத்துக்காரன் கக்கூஸ்ல ஊத்துறதுதானே வருது!"

மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சுத்தம் பண்ணித்தான் விடுறாங்க. சோதனையெல்லாம் பண்றாங்க."

"பண்ணட்டும். எங்க பையன் நாளைக்குப் பிள்ளை பெறணும். உன் பொண்ணு இதைத் தின்னுதான் வளந்தாளா?"

சிரிப்பு நின்றது.

ஆமாம் என்றால் மகளின் கல்யாணம் போகும். இல்லை என்றால் பிழைப்பு நடத்தும் பீச் தோட்டம் போகும். தோட்டத்துச் சொந்தக்காரனே தொடாத பழம் என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் சந்தைக்குப் போய்விடும்.

திரைக்குப் பின்னால் நின்ற ஃபவ்வாஸின் மனைவி நவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா" என்றார் ஃபவ்வாஸ். "அவளும் தின்னா. நாங்களும் தின்னோம்."

பழத்தை எடுத்துக் கடித்தார். சாறு தாடியில் வழிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மென்று விழுங்கினார்.



மாப்பிள்ளை எழுந்து வந்தான். ஃபவ்வாஸின் கையிலிருந்த மீதிப் பழத்தை வாங்கி, கொட்டை தெரியும்வரை கடித்துத் தின்றான்.

"கழுதை! கல்யாணத்துக்கு அவ்வளவு அவசரமாடா உனக்கு?" என்றார் அபூ ஸாயெல். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு முறைப்படி பெண் கேட்டார்.

"காப்பியைக் குடிங்க" என்றார் ஃபவ்வாஸ்.

வண்டிகள் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் அவர் கொல்லைப்புறம் ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். விலைக்கு வாங்கிய தண்ணீரை நவால் ஊற்ற ஊற்ற, வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்.

வாய்க்காலில் அந்தக் கழிவுத் தண்ணீர் வந்த வருஷத்திலிருந்து தோட்டத்துப் பழம் ஒன்றுகூட அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை. அது அவர் போட்ட கட்டளை. வீட்டுக்கு வேண்டிய பழத்தைச் சந்தையிலிருந்துதான் வாங்கி வருவார்.

மகள் ஷுரூக் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் துப்பி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"வாசல் மரம் கொஞ்சம் புளிப்புத்தான் வாப்பா" என்றாள். "வாய்க்கால் ஓரத்து மரந்தான் நல்ல இனிப்பு."