அக்காவின் நான்கு குரல்கள்

அக்கா பாடுவாள், தம்பி ஒலிப்பதிவு செய்வான். இருண்ட கோட்டையும் மணியோசையும் சாவுமாக, பழைய மன்னர் காலத்துச் சாயலில் ஏழு பாட்டுகள் கொண்ட ஆல்பம் அது. "பேய் வீட்டுக்குப் பாட்டுப் போடுறீங்களா?" என்று கேலி செய்த மாமா, முதல் பாட்டைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்.

ஒவ்வொரு பாட்டையும் அக்கா நான்கு தடவை பாட, தம்பி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். கல் மண்டபத்தில் ஒரு கூட்டமே நின்று பாடுவதுபோல் இருக்கும்.

ஏழாவது பாட்டில் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்டது. தம்பி அக்காவின் நான்கு குரல்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். அது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"யாருடா இவ? என்னைவிட நல்லாப் பாடுறா." அக்காவிடம் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் தெரிந்தது.

"புதுசாப் பாடி மாத்திடலாமாக்கா? சாயந்தரம் ஆல்பத்தை அனுப்பியாகணும்."

அக்கா இன்னொரு தடவை கேட்டாள். கடைசி வரியில் அந்தக் குரல் இறங்கிய இடத்தில் அவளும் கூடவே முணுமுணுத்தாள்.

"கை வைக்காத. அவ இல்லேன்னா பாட்டு உப்புச்சப்பில்லாமப் போயிடும். மேல போறப்பதான் லேசாக் கம்முது."

உள்ளே போய் மூன்று டம்ளரில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மூணு எதுக்கு?"

"பாடுறவளுக்குத் தொண்டை காயாதா?"

தம்பி சிரித்துக்கொண்டே பாட்டை மறுபடி ஓடவிட்டான். இந்தத் தடவை மேல் ஸ்தாயியில் அந்தக் குரல் கம்மவில்லை. திரும்பிப் பார்த்தான். இருவரும் தங்கள் டம்ளரை இன்னும் தொடவில்லை. மூன்றாவது காலியாக இருந்தது.